தங்கள் பிரிவில் உள்ள நடைபிணங்களின் எண்ணிக்கை

தையல்நாயகியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவளுடைய கையை மட்டும்தான் பார்த்தேன். காலை ஐந்தே முக்கால் மணி. முதல் ஷிப்ட் ஆட்கள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கம்பிகளுக்கு இடையில் நீளும் ஒவ்வொரு கைக்கும் அதனதன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானூறு பேருக்கு மேல். முகம் பார்த்துக் கொடுத்தால் ஆறு மணிச் சங்குக்குள் முடியாது என்பதால் கைகளைப் பார்த்தே கொடுக்கப் பழகியிருந்தேன். அவள் கை ஈரமாக இருந்தது. "வீட்டுச் சாவி ஜன்னல் மேல இருக்குங்க" என்றாள். "ம்" என்றேன். அடுத்த கை நீண்டுவிட்டது.

எங்கள் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அவளுக்கு லேபில் வேலை. மணிக்கு ஒருமுறை தகரக் கேனை எடுத்துக்கொண்டு இயந்திரங்களிடம் போய், பிழிந்து வரும் கரும்புச் சாற்றைப் பிடித்து வந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இனிப்பு எவ்வளவு என்று அளந்து தாளில் எழுத வேண்டும். பதினாறு வருஷம் அதைச் செய்தாள். அன்று பதினோரு மணிச் சாற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் லேப் வாசலில் கேனைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது. ஆம்புலன்ஸ் கிளம்புகிறது, வா என்றார்கள். என் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், 'ரிலீவர் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆலையின் எல்லாச் சுவர்களிலும் அது உண்டு, ஏனென்றால் பாய்லரையோ கொதிக்கும் பாகையோ யாரும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விட முடியாது. நான் காவல் காத்தது பாய்லரும் அல்ல, பாகும் அல்ல, ஒரு டோக்கன் பலகை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். என்னை விடுவிக்க வேண்டியவன் அன்றைக்குத் தாமதமாக இரண்டு பத்துக்கு வந்தான். ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் போய்விட்டாள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது.

எங்கள் சர்க்கரையை வாங்க நினைத்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஒவ்வொரு ஆலையிலும் அவசரகாலத் திட்டம் ஒன்று புத்தகமாக இருக்க வேண்டும் என்று கேட்டு, மாதிரிப் புத்தகத்தையும் அனுப்பியிருந்தது. தீ, வெள்ளம், பாய்லர் வெடிப்பு, அமிலக் கசிவு என்று பத்து ஆபத்துகள். இப்படிப்பட்ட புத்தகங்களை யாரும் கடைசிவரை படிப்பதில்லை என்று தெரிந்த எவனோ ஒரு வேடிக்கைக்கார வெள்ளைக்காரன் பதினொன்றாவதாக ஜாம்பி வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் சேர்த்திருந்தான். தலைமை அலுவலகத்தில் அதைத் தமிழாக்கம் செய்தவருக்கு வேடிக்கையும் தெரியாது, ஜாம்பியும் தெரியாது. அகராதியைப் பார்த்து 'நடைபிணப் பரவல்' என்று எழுதிவிட்டார். கூடவே ஒரு படிவம் வந்தது. அதன் முதல் கட்டத்தில் 'தங்கள் பிரிவில் தற்போது உள்ள நடைபிணங்களின் எண்ணிக்கை' என்று இருந்தது.

படிவத்தைப் பிரிவுகளுக்கு அனுப்பிவைத்தோம். அரவைக் காலத்தின் நான்காவது மாதம் அது. வாரா வாரம் ஷிப்ட் மாறி, தூக்கம் எந்தப் பக்கம் விழிப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆட்கள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த மாதம். ஒரு பிரிவுகூடச் சந்தேகம் கேட்கவில்லை. பாய்லர் பிரிவு 22 என்று எழுதியது. பாகு காய்ச்சும் பிரிவு 31, இதில் நான்கு பேர் மிகவும் மோசம் என்று குறிப்பும் போட்டது. கேன்டீனிலிருந்து, எங்கள் பிரிவில் நடைபிணம் ஒருவர், மாஸ்டர், அவரும் காலையில் மட்டும் என்று வந்தது. கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று.

பாதுகாப்பு அதிகாரி ஜெயசிங் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எந்தச் சுற்றறிக்கையையும் இரண்டுமுறை படித்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போடுபவர். திட்டம் போட ஒரு குழு அமைத்தார். அவர், லேப் கெமிஸ்ட் வசுமதி மேடம், தொழிற்சங்கச் செயலாளர் கோதண்டம், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக நான். வெயில் ஏறுவதற்கு முன்பு எடைமேடை அறையில் உட்கார்ந்தோம்.

"செத்தவன் எந்திரிச்சு வாறான். வந்தா என்ன செய்யணும்? அதாக்கும் விஷயம்" என்றார் ஜெயசிங்.

"சார், மொதல்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் வசுமதி மேடம்.

"போட்டிருக்கே. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான். கண்ணு ஒரே இடத்துல நிக்கும். கால இழுத்து இழுத்து நடப்பான். பேச்சு வராது."

"காலையில ஆறு மணிக்குக் கேட்டாண்ட வந்து நில்லுங்க சார்" என்றார் கோதண்டம். "மூணாம் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்றவன்ல பாதிப் பேரு அப்படித்தான் வருவான். எல்லாரையும் புடிச்சுக் குழி தோண்டிப் பொதைக்கறதா?"

"கடிக்கும்னு போட்டிருக்குவே."

"அப்ப நம்ம ஆளு இல்ல. நம்ம ஆளுக்குக் கடிக்கறதுக்குத் தெம்பு ஏது?"

அடுத்து எச்சரிக்கை ஒலி. தீக்கு நீளமாக ஒரு சங்கு, ஷிப்டுக்கு ஒரு குட்டைச் சங்கு, அமிலத்துக்கு இரண்டு. செத்தவர்கள் வந்தால் எப்படி ஊதுவது என்ற கேள்வியில் அரைமணி நேரம் போனது. "செத்தவனுக்குத்தான் ஏற்கெனவே சங்கு ஊதியாச்சே, இன்னொரு தடவ எதுக்கு?" என்று கோதண்டம் சொல்ல, வசுமதி மேடம் சிரித்துவிட்டு உடனே என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மூன்று குட்டை, ஒரு நீளம் என்று வைக்கலாமே என்று நான்தான் சொன்னேன். அது எங்கிருந்து என் நினைவுக்கு வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. சரி என்று எழுதிக்கொண்டோம்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒத்திகை. சங்கு மூன்றுமுறை குட்டையாகவும் ஒருமுறை நீளமாகவும் ஊதியது. இடம் விட்டு நகரக் கூடாதவர்களைத் தவிர மற்றவர்கள் எடைமேடைக்குப் பின்னால் புங்கமரங்களின் கீழே வந்து நின்றார்கள். தலை எண்ணினார்கள். நகரக் கூடாதவர்களைக் கழித்தால் பலகைக் கணக்குப்படி இருநூற்று நாற்பது பேர் இருக்க வேண்டும். இருநூற்று ஐம்பத்தேழு பேர் இருந்தார்கள். மறுபடி எண்ணினார்கள், அதே இருநூற்று ஐம்பத்தேழு. "யாரோ ரெண்டு எடத்துல நிக்கிறான்" என்றார் ஜெயசிங். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல, "நம்ம சூசையண்ணன் நிக்கிறாரு பாரு" என்றது.

சூசை பாய்லரில் ஆபரேட்டராக இருந்தவர். பதினொரு வருஷத்துக்கு முன்பு பாய்லர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவர். அவர் நின்றிருந்தார், அதே காக்கிச் சட்டையோடு, தோளில் கரும்புச் சக்கைத் தூளோடு. அவரை அடுத்து இன்னும் பதினாறு பேர். எரித்தவர்களும் இருந்தார்கள், புதைத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் வேலை நேரத்தில் விழுந்தவர்கள். அந்தச் சங்கு முன்னொரு காலத்தில் எதற்கு ஊதப்பட்டது என்று எனக்கு அப்போது நினைவு வந்தது. காலனி வீடுகளுக்குப் போன் வருவதற்கு முன்னால், ஷிப்டில் ஆள் குறைந்தால், வீட்டில் இருப்பவர்கள் உடனே வந்து கைகொடுக்க வேண்டும் என்பதற்காக ஊதிய சங்கு அது. சாப்பாட்டில் கையை வைத்தவர்கள்கூட அப்படியே எழுந்து வருவார்கள். ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டோம், வந்துவிட்டார்கள்.

"பேர எழுதுங்க அம்பலவாணன்" என்றார் ஜெயசிங். எழுதிக்கொண்டே போனேன். பதினைந்தாவதாக அவள் நின்றாள், கேனைப் பிடித்தபடி. தையல்நாயகி, லேப் என்று எழுதினேன். அந்த வரியும் மற்ற வரிகளைப் போல நேராகத்தான் இருக்கிறது.

புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தில் கதவுகளை அடைக்க வேண்டும், நெருங்கக் கூடாது, தலையில் பலமாகத் தாக்க வேண்டும் என்று இருந்தது. "சூசையண்ணன் தலையில எவன் அடிக்கப் போறது? சங்கத்துக்குப் பதினாறு வருஷம் துணைத்தலைவரு" என்றார் கோதண்டம். அதற்குள் அந்தப் பதினேழு பேரும் கலைந்து அவரவர் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சூசை பாய்லர் முன்னால் நின்றார். வெல்டர் ஒருவர் பதினெட்டு வருஷத்துக்கு முன்பு பாதியில் விட்ட குழாயைத் தேடிப் போனார். தையல்நாயகி பன்னிரண்டு மணிச் சாற்றைப் பிடிக்கப் போனாள்.

முதல் நாள் கேன்டீனில் பதினேழு டீ கூடுதலாகப் போட்டார்கள். அவை ஆறியதும் உயிரோடு இருந்தவர்கள் எடுத்துக் குடித்தார்கள். இரண்டாம் நாள் அவர்களை எந்த ஷிப்டில் சேர்ப்பது என்று பேச்சு வந்தது, ஆனால் அவர்கள் எந்த ஷிப்டிலும் வீட்டுக்குப் போகவில்லை என்பதால் அது தானாக முடிந்தது. ஒரு வாரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. செத்தவர்களின் வீட்டார் கேட்டுக்கு வந்தார்கள், தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தார்கள், நான் ஒவ்வொருவருக்கும் பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சந்திக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் செத்தவரின் பெயர், உறவு என்ற கட்டத்தில் மகள், தம்பி, சம்சாரம். உள்ளே போய்க் கூப்பிட்டார்கள், அழுதார்கள், சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். செத்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் கோபம் எதுவும் இல்லை, கவனம் மீட்டரில் இருந்தது, அவ்வளவுதான். வந்தவர்கள் சோற்றை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நாட்களில் உயிரோடு இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. செத்தவர்கள் வெற்றிலை போடப் போவதில்லை, ஒன்றுக்குப் போவதில்லை, கண் அயர்வதில்லை. அவர்கள் பக்கத்தில் நின்றால் போதும், வேலை நடந்தது. ஆட்கள் சக்கை மூட்டையில் சாய்ந்து தூங்கினார்கள். கன்னத்தில் சதை வைத்தது. பிரிவுகளிடம் படிவம் மறுபடி கேட்கப்பட்டபோது நூற்று முப்பத்தொன்று என்ற எண்ணிக்கை சரியாகப் பதினேழாகக் குறைந்திருந்தது. நடைபிணப் பரவலை இவ்வளவு குறுகிய காலத்தில் கட்டுப்படுத்தியதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஜெயசிங் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பன்னிரண்டாம் நாளுக்கு மேல்தான் அவர்கள் தளர்வது கண்ணுக்குத் தெரிந்தது. சாவுக்கு அப்புறமும் அலுப்பு உண்டு என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. சூசையின் முழங்கால் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. வெல்டர் தலையைக் குழாயிலேயே சாய்த்துக்கொண்டு பற்றவைத்தார். தையல்நாயகி கேனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள், பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். சூசையின் மகள் ஒரு நாள் பாய்லர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா, ஒரு நிமிஷம் உக்காரேன்ப்பா" என்று அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவர் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்பதற்காக அல்ல. அவருக்குப் பதில் யாரும் வரவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கோதண்டம். சூசை இறந்த அன்று அவரை விடுவிக்க வேண்டிய ஆள் அவர்தான். மைத்துனன் நிச்சயதார்த்தத்தில் பந்தி முடியாமல் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தவர். பதினொரு வருஷமாக அதைப் பற்றி அவர் பேசியதில்லை, மேடை மேடையாக மற்ற எல்லாவற்றையும் பேசுவார். மறுநாள் மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய காக்கியைப் போட்டுக்கொண்டு போய் சூசை பக்கத்தில் நின்றார். ஷிப்ட் மாறும்போது எல்லோரும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்.

"நான் வந்துட்டேன்ணே. என்ன நெலவரம்?"

சூசை திரும்பினார். பதினொரு வருஷத்துக் கரகரப்போடு குரல் வந்தது. "ரெண்டாம் நம்பர்ல தண்ணி கம்மி. பாத்துக்க. ப்ரெஷர் ஏறி எறங்குது."

"சரிண்ணே. வேற?"

"சக்கை ஈரமா வருது. வேற ஒண்ணும் இல்ல." கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தார். "வரேன்டா" என்றார். கேட்டைத் தாண்டிக் கரும்பு லாரிகள் நிற்கும் பக்கமாக நடந்தார், அந்த லாரிகளுக்கு அந்தப் பக்கம் அவரை யாரும் பார்க்கவில்லை. கோதண்டம் அன்றைக்கு ஷிப்ட் முடியும்வரை பாய்லர் முன்னாலேயே நின்றார், பத்து மணிக்கு அவருடைய ரிலீவர் வந்த பிறகுதான் இறங்கிப் போனார்.

அதன்பிறகு வழி தெரிந்துவிட்டது. திட்டத்தின் பதினொன்றாம் பக்கத்தை அடித்துவிட்டு நான் புதிதாக எழுதினேன். இறந்தவரின் அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் போய்ப் பொறுப்பேற்க வேண்டும், நிலவரம் கேட்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. தினம் ஒருவர் இருவராக விடுவிக்கப்பட்டார்கள். வீட்டார் வந்து சுற்றி நின்று கேட்டார்கள். புருஷன் குரலை ஒன்பது வருஷம் கழித்துக் கேட்ட பெண்ணுக்கு, மூன்றாவது பம்பில் வாஷர் தேய்ந்திருக்கிறது என்ற செய்திதான் கிடைத்தது. அவள் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். போகும்போது எல்லோரும் "வரேன்" என்றே சொன்னார்கள், நாம் எல்லோரும் சொல்வதுபோல. அதை நம்பி வீட்டில் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், குழு ஏதாவது விளக்கம் தர வேண்டும் என்று கோதண்டம் கேட்டார். ஜெயசிங் வெகுநேரம் யோசித்து, "அது மரியாதைக்குச் சொல்றதாக்கும்னு எழுதிருங்க" என்றார். எழுதினேன். யாரும் அதைப் படித்துவிட்டு விளக்கை அணைத்ததாகத் தெரியவில்லை.

பதினாறு பேர் போய்விட்டார்கள். தையல்நாயகி மட்டும் இருந்தாள்.

அவள் இறந்த பிறகு அந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, மற்றவர்கள் பகிர்ந்து செய்தார்கள். அதனால் அவளுக்கு ரிலீவர் என்று ஒருவரும் இல்லை. வசுமதி மேடம் கேட்கலாம், கேட்டால் போதும், அவரும் தயாராகத்தான் இருந்தார். வேண்டாம் என்று சொன்னது நான்.

தினமும் என் ஷிப்ட் முடிந்ததும் லேப் வாசலில் போய் நிற்பேன். அவள் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள், எழுதுவாள், கேனைக் கழுவுவாள். பேச மாட்டாள். பேச வைக்க ஒரே வழிதான், அதைச் செய்தால் பேசி முடித்துவிட்டுப் போய்விடுவாள். பேசாமல் இருக்கும்வரை இருப்பாள். இதை வைத்துக்கொண்டு நான் நாட்களைத் தள்ளினேன். எனக்கு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்குப் பதினொன்று நாற்பதிலிருந்து இரண்டு பத்துவரை நான் எங்கே இருந்தேன் என்று. அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இதற்குள் கரும்பு வரத்து நின்று அரவை முடிந்தது. இயந்திரங்களை நிறுத்திக் கழுவிவிட்டார்கள். ஆலையில் இரும்பு குளிரும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் மணிக்கு ஒருமுறை கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காய்ந்துபோன வாய்க்காலுக்குப் போய், சாறு விழ வேண்டிய இடத்தில் கேனை நீட்டி, நிரம்புவதற்கு ஆகும் நேரம்வரை நின்று, திரும்பி வந்து, காலிக் குழாயை வெளிச்சத்தில் பார்த்து எழுதினாள். வசுமதி மேடம் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். எண்கள் இருக்க வேண்டிய கட்டங்களில் மணிக்கு ஒரு சிறு கோடு. முதலில் நேராக இருந்த கோடுகள் பிறகு சரிந்துகொண்டே வந்திருந்தன.

"சார், நேத்து வழியில ரெண்டு தடவ சுவத்துல சாஞ்சிட்டாங்க. நான் ஒரு வார்த்த கேட்டுடறேனே" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் மேடம்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் கோதண்டம் என்னை மறித்தார். "யோவ் அம்பலம். முப்பது வருஷமா நான் நிர்வாகத்தத் திட்டிட்டு இருக்கேன். ஆனா கட்டுன பொண்டாட்டிய செத்த பொறவும் ஓவர்டைம் பாக்க வச்ச மொத ஆளு நீதான்யா."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாளும் எனக்கு முதல் ஷிப்ட்தான். இரண்டு மணிக்கு என் ரிலீவர் வந்ததும் லேபுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். ஒன்றே முக்காலுக்கு ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். ஒரு மணிக்கு வாய்க்காலுக்குப் போனவள் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தாள். நான்கு அடி நடப்பாள், கேனைக் கீழே வைப்பாள், எடுப்பாள். இரண்டு மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் ஷிப்டுக்கு வந்த பராமரிப்பு ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்று நாற்பத்தெட்டுக்கு நான் எழுந்தேன். "சார், டோக்கன்" என்றான் ஒருவன். "எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் லேபுக்குள் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே போய் நின்றேன். முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சக்கைத் தூள் ஒட்டியிருந்தது.

"தையலு, நான் வந்துட்டேன்" என்றேன். "என்ன நெலவரம்?"

அவள் கேனைச் சிந்தாமல் கீழே வைத்தாள். "ஒரு மணிச் சாம்பிள் எடுத்தாச்சு. சாறு வரலைங்க" என்றாள்.

அந்த 'ங்க' எனக்கா, பொறுப்பேற்க வந்த யாரோ ஒரு ஆம்பளைக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் அவள் அதையேதான் சொல்வாள்.

"சரி. வேற?"

"அஞ்சாம் நம்பர் கொழாய் வாயில கீறல் இருக்கு. கைய அறுக்கும், பாத்து எடுக்கணும்."

"வேற?"

ஒன்றும் இல்லை என்று ரிலீவருக்குச் சொல்லும்வரை ஷிப்ட் முடியாது. கேட்டால் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன். தராசு இடது பக்கம் ஒரு நூல் சாய்கிறது என்றாள். வேற? வடக்கு ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது, மழை வந்தால் தாள் நனையும். வேற? ஸ்டோரில் வடிதாள் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறது, வரவில்லை. வேற? பாகுத் தொட்டிக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறது, யாரும் சுடுதண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. அந்தப் பூனையின் குட்டிகளுக்கும் குட்டிகள் பிறந்து வளர்ந்து போயிருந்தன. சரி என்றேன். வேற? சிறிது நின்று யோசித்துத்தான் அடுத்ததைச் சொன்னாள், ஒவ்வொன்றாக, அடி ஆழத்திலிருந்து இறைப்பதுபோல. கடைசியில் அவள் உதடு அசைந்து எதுவும் வராமல் நின்றது.

அப்போதும் நான் வேற என்று கேட்கவில்லை. என்னுடையதைச் சொன்னேன். "அன்னிக்குப் போன் வந்துச்சு. ரிலீவர் வரலைன்னு உக்காந்துட்டேன் தையலு. ரெண்டு பத்து வரைக்கும்."

அவள் என்னைப் பார்த்தாளா, என் பின்னால் இருந்த சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருந்ததைப் பார்த்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பதினாறு பேரும் வரேன் என்று சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் தெருக்கோடிக்குப் போனால்கூட அப்படித்தான் சொல்வாள், நான் போறேன் என்று சொல்லிவிட்டால் திட்டுவாள்.

"போறேங்க" என்றாள்.

"சரி" என்றேன். சரி என்று ரிலீவர் சொல்ல வேண்டும். அவள் லேப் பின்வாசல் வழியாக இறங்கி, கழுவிக் காயப்போட்ட இயந்திரங்களுக்கு நடுவே, கையை வீசி நடந்து போனாள். கேன் மேஜையின் அடியில் இருந்தது.

அந்த ஆலை மூடிப் பதினொரு வருஷமாகிறது. இயந்திரங்களை இரும்பு விலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள், புகைபோக்கி மட்டும் நிற்கிறது. ரிலீவர் இல்லாமல் இடத்தை விட்டுப் போனதற்காக எனக்குக் கொடுத்த மெமோ வீட்டில் இருக்கிறது. அன்றும் ரிலீவர் தாமதமாக இரண்டு இருபத்தைந்துக்குத்தான் வந்தான். மெமோவில் நான் இல்லாத நேரம் முப்பத்தேழு நிமிடங்கள் என்று எழுதியிருக்கிறது.